இல்லம் இல்லார் இடும் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்தும் புதிதாக யாக்கப்படுவதையே அச்சொல் குறித்து நிற்கின்றது. ஆகவே விருந்தினர் என்போர் நாள்தோறும் வந்துபோகும் சுற்றத்தார் அல்லர். முன்னர் அவ்வாசலை மிதித்திராதவர். திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாக, அன்புடைமைக்கும் இனியவைகூறலுக்கும் இடையே இல்லறவியலில் வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. அன்பு உள்ளத்தின்பாற்பட்டது, இன்சொல் நாவின்பாற்பட்டது. இடையில் நிற்கும் விருந்தோம்பலோ ஓர் இடத்தை வேண்டி நிற்கின்றது. வாசல் வேண்டும், அடுப்பு வேண்டும், பாய் விரிக்க நிலம் வேண்டும். இல்லறம் என்ற தொடரிலேயே இல் முன்னே நிற்கின்றது.

அங்ஙனமாயின், இல் தமக்கு உரித்தாகாத மக்கள் விருந்தோம்ப வல்லரோ? வல்லரெனின் அவர் கொடுப்பது யாது? அதனை உண்டு மீள்பவர் மேல் விழும் கடன் எத்தகையது?

இவை ஏட்டளவில் எழுந்த வினாக்கள் அல்ல. நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலையை அடுத்துள்ள லிந்துலையில் இவ்வினாக்களுக்கு ஊரும் உருவும் உண்டு. தேயிலைச் செடியின் வேரும் இலையும் நோயும் மருந்தும் ஆராயப்படும் நிலையம் அயலிலே தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கின்றது. அச்செடியிற் கொழுந்து பறிப்பவளின் வாசலுக்கு ஒரு விருந்தினர் வந்து நிற்பதன் பொருளை ஆராய்வதற்கு நிலையம் எதுவும் இல்லை.

பேராதனையிலே ஒரே விடுதி அறையில் வாழும் இரு மாணவியரை எண்ணிக்கொள்க. ஒருத்தி யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் பிறந்தவள். மற்றையவள் லிந்துலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவள். விடுமுறையொன்றில் முன்னவள் பின்னவளின் வீட்டுக்குச் செல்கின்றாள். கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், கொட்டகலை என மலையேறும் புகைவண்டி தலவாக்கலையில் இருவரையும் இறக்கிவிடுகின்றது. பின்னர் பஸ். அதன்பின்னர் தேயிலைக்கு நடுவே ஏறிச்செல்லும் ஒற்றையடிப்பாதை. லயத்து இஸ்தோப்பில் நின்ற தாய், "வாங்கம்மா, உள்ளுக்கு வாங்க. எடம் சின்னது, பாத்து வாங்க" என்கின்றாள். வரவேற்பும் மன்னிப்பும் ஒரே மூச்சில் வெளிப்படுகின்றன. பெரிய வீட்டுக்காரர் எவரும் தம் வீட்டின் அளவுக்காக விருந்தினரிடம் மன்னிப்புக் கோருவதில்லை.

இடம் சிறிதென்பது உண்மையே. பழைய லயத்தின் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அன்றிரவு வீட்டிலிருந்த ஒரே கட்டில் விருந்தினளுக்காகின்றது. தம்பிமார் இருவரும் போர்வையுடன் அடுத்த காம்பராவுக்குச் செல்கின்றனர். தாய் மறுநாள் மலைக்குப் போகவில்லை. ஒருநாள் வேலையைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் அது அரைப்பேராகும். விருந்தினள் உண்ட கோழிக்கறியின் விலை சந்தையில் மாத்திரம் கொடுக்கப்பட்டதன்று. செக்ரோலில் விழாதுபோன ஒரு பேரும் அதிற் சேரும். அதை அவள் அறியமாட்டாள். அறியாதவாறு பார்த்துக்கொள்வதும் அவ்விருந்தின் ஒரு பகுதி. ஒரு வீட்டிலிருந்து முட்டைகள் வந்தன. இன்னொரு வீட்டிலிருந்து கைபிடியுள்ள நல்ல கோப்பை வந்தது. மெல்லிய சுவர்கள் பிரிக்கும் காம்பராக்களிலே ஒருவர் வீட்டு விருந்தினர் லயம் முழுவதற்கும் விருந்தினராவது இயல்பு.

இனிச் சட்டத்தை நோக்குவோம். இவ்வளவும் நிகழ்ந்த காம்பரா யாருடையது? ஆங்கிலேயர் காலத்திலே அது தோட்டத்துரையின் கம்பனிக்குரியது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, காம்பராவில் வாழ்ந்தவரின் கைக்கு மாத்திரம் அது வந்து சேரவில்லை. அண்மைக் காலத்திலே ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உள. பெறாதன மிகப் பல. வேலையோடு வந்த கூரை வேலையோடு போகும் என்பதே நெடுங்கால நியதி. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம் தொழிலாளரிடமிருந்து குடியிருப்பை மீட்பது பற்றியதே.

தன் காம்பராவுக்கு யார் வரலாம் என்பதைக் கூடத் தொழிலாளி தீர்மானிக்க முடியாதிருந்தது. தோட்ட எல்லைக்குட் காலெடுத்து வைப்பவர் மீது அத்துமீறல் வழக்குத் தொடர இயலும். கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியின் கோலத்தில் தோட்டங்களுக்குட் புகுந்து மக்கள் நிலையை அறிந்தார் என்று மலையக வரலாறு எழுதியோர் கூறுவர். மனிதர் மனிதரைக் காண்பதற்குப் புடைவை மூட்டை அனுமதிச் சீட்டாக வேண்டியிருந்தது! தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துட் செல்வதற்கெனத் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. அது 1970இலேயே இயற்றப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

முடி எதிர் செல்வநாயகம் என்ற வழக்கும் இவ்விடத்தே நினைக்கத்தக்கது. வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்ட பின்னரும் லயத்தை விட்டுப் போகாத தோட்டவாசி ஒருவர் மீது குற்றவியல் அத்துமீறல் சாட்டப்பட்டது. 1950இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அவர்பக்கம் தீர்ப்பளித்தது. தமக்கு உரிமை உண்டென மெய்யாகவே நம்பி ஒருவர் தங்கியிருப்பாராயின், அவ்வுரிமை சட்டத்தில் வலுவற்றதாயினும், உடைமையாளருக்கு அதனால் எரிச்சல் உண்டாகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அதுமாத்திரம் அவரைக் குற்றவாளி ஆக்காது என்பது அதன் சாரம். வீடு அவருடையதென்று நீதிமன்றம் சொல்லவில்லை. வீடென்று அவர் நம்பியதைக் குற்றமென்று சொல்ல மறுத்தது, அவ்வளவே. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அவ்வளவும் சிறிதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மேலைநாட்டு மெய்யியலார் இவ்விடயத்தை எவ்வாறு நோக்கினர்? இமானுவேல் கான்ற் 1795இல் எழுதிய ‘நித்திய சமாதானம்’ என்னும் நூலிலே அந்நியனொருவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையை வற்புறுத்தினார். புவியின் மேற்பரப்பு மனிதர் எல்லோர்க்கும் பொது என்பது அவர் காட்டிய காரணம். ஆயினும் அது வருகைதரும் உரிமையேயன்றி விருந்தினனாகத் தங்கும் உரிமையன்று என்று வரம்பும் கட்டினார். காண வந்த நாடுகளை வென்று கைக்கொண்ட ஐரோப்பியரை அவர் அங்கே கண்டித்தமையும் குறிப்பிடத்தக்கது. இலங்கை மலைநாட்டில் அக்கண்டனத்தின் உண்மையைக் கண்ணாற் காணலாம். கடல்கடந்து வந்த துரை உடையவனானான். அவனுக்காகக் கடல்கடந்து கொணரப்பட்டுக் காடு வெட்டியவனோ, நான்கைந்து தலைமுறை சென்ற பின்னரும் புறப்படும் நாள் கேட்கப்படும் விருந்தினனாகவே எண்ணப்பட்டான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டபோது அவர்களின் அடுப்படியிற் சென்று கேட்டவர் எவருமிலர்.

பிரெஞ்சு மெய்யியலாளர் டெரிடா 1997இல் வெளிவந்த தம் நூலிலே வினாவை மேலும் கூர்மையாக்கினார். வாசலைத் திறப்பவன் அவ்வீட்டின் தலைவனாயிருத்தல் வேண்டும். தலைமையில்லையேல் வரவேற்பும் இல்லை. ஆனால் தலைமையை விடாது பற்றியிருப்பவன் முழுமையாக வரவேற்பதும் இல்லை என்னும் முரணை அவர் எடுத்துக்காட்டினார். நுண்ணிய சிந்தனைதான். எனினும் அது உடைமையுள்ளவன் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்த சிந்தனை என்றே தோன்றுகின்றது. லயத்து இஸ்தோப்பில் நின்ற தாயை அது காணவில்லை.

சிலப்பதிகாரம் கண்டிருக்கின்றது. புகாரின் மாளிகையிலே கண்ணகிக்குச் செல்வம் குறைவில்லை. ஆனால் கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தெதிர்கொள்ளும் பேற்றை அவள் இழந்திருந்தாள். அவ்விழப்பை அவள் எடுத்துரைக்குமிடம் எது? மதுரைப் புறத்தே, இடைக்குல மாதரி ஒதுக்கிக்கொடுத்த சிறுமனை. பிறர் தந்த கூரையின் கீழ், பிறர் தந்த அரிசியையும் காயையும் கொண்டு, தன் கையாற் சமைத்துக் கணவனை உண்பித்த பின்னரே இழந்ததை இன்னதென்று சொல்ல அவளுக்கு வாய்க்கின்றது. மாளிகையில் இல்லாத இல்லறம் இரவல் மனையிலே அரைநாள் உயிர்பெற்றது. உடைமைக்கும் இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளங்கோவடிகள் வாதமாக அன்றி ஒரு வேளை உணவாகவே காட்டிவிட்டார்.

இதனை லிந்துலைக்குப் பொருத்தும்போது முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. லயத்தவர் வீட்டைப் பெற்றுப் பின்னர் விருந்தோம்புவாரல்லர். விருந்தோம்புவதனாலேயே காம்பராவை வீடாக்குவோர். தோட்டத்தின் கணக்கிலே அது இத்தனையாம் இலக்க அறை. ‘உள்ளுக்கு வாங்க’ என்று ஒருத்தி சொல்லும் கணத்தில் அது இலக்கத்திலிருந்து விடுபட்டு அவள் இல்லமாகின்றது. அந்த ஓரிரவிலேனும் வாசலின் அதிகாரி அவளே. அவள் கொடுப்பது கட்டிலும் கறியும் மாத்திரமல்ல. தனக்கு மறுக்கப்பட்ட ஒன்றைப் பிறருக்கு வழங்குகின்றாள். இல்லாததை எவ்வாறு வழங்கலாம் என்று தருக்கம் படித்தோர் வினவக்கூடும். தருக்கத்துக்கு இது தோல்விதான்.

ஆயினும் இவ்விடத்தே நின்றுவிடுதல் எளிது. அவ்வெளிமையிலே ஒரு தீங்கும் உண்டு. மலைநாட்டுக்குச் சென்று மீளும் மாணவர் பலர், ‘அங்குள்ள சனங்களின் உபசரிப்பே தனி’ என்று வியப்பர். வறியோரின் கொடையைப் புகழ்வது செலவில்லாத நன்றி. அப்புகழ்ச்சியில் வறுமையும் ஓர் அணியாகிவிடுகின்றது. உபசரிப்பைப் புகழ்ந்த வாய் காம்பராவின் அளவைப் பற்றிப் பேசாது. நல்ல இலை கொழும்பு ஏலத்துக்குச் சென்றபின் எஞ்சிய தூளில் அத்தேநீர் ஊற்றப்பட்டதென்பதையும் பேசாது.

கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகள் கொடையிற் பிணைந்துள்ளன என்று மார்சல் மோஸ் 1925இல் எழுதினார். லிந்துலையிற் கொடுத்தலும் ஏற்றலும் முடிந்தன. மூன்றாவது யாழ்ப்பாணத்திலன்றோ நிகழ வேண்டும்? அடுத்த விடுமுறையில் லயத்துத் தோழி அங்கே வருவாளாயின் எந்த வாசலால் உள்ளே போவாள்?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் சங்கடப் படலை உண்டு. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகப் படலைக்கே கூரை வேய்ந்த சமூகம் அது, பெருமைக்குரியதே. ஆனால் படலைக்கு அப்பால் யார் எதுவரை வரலாம் என்பதற்கு அங்கே எழுதாத அளவுகோல் ஒன்றும் இருந்தது. தேநீர்க் கடைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறு பாத்திரம் வைக்கப்பட்டிருந்தது. 1966இல் எழுந்த போராட்டம் அதனை எதிர்த்தது. லிந்துலைக் கொழுந்து அப்பாத்திரத்திலும் ஊற்றப்பட்டிருக்கும். மலைநாட்டுச் சிறுமியரை வடக்கின் வீடுகள் அறியாதனவும் அல்ல. அறிந்தது பெரும்பாலும் குசினியில், வேலைக்காரப் பிள்ளையாக. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலைநாட்டிலிருந்து அஞ்சி ஓடியவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். அவர்களுக்கு உதவிய தொண்டர்கள் உண்டு, மறுக்கலாகாது. ஆயினும் அவர்களுட் பலர் பல்லாண்டு காணி உறுதியின்றிக் கூலிகளாகவே வாழ்ந்தனர். தமிழர் என்று சேர்த்தெண்ணப்பட்டவர்கள் உண்ணும்போது வேறாக இருத்தப்பட்டனர்.

ஆகவே இவ்விருந்தில் அறம் சோதிக்கப்படுவது லயத்துத் தாயிடமன்று. அவள் தன் பங்கை ஒரு பேரை இழந்து முடித்துவிட்டாள். விருந்தினளின் தாய் இன்னும் வாய் திறக்கவில்லை. தோழியின் ஊர் எது, ‘ஆக்கள்’ யார் என்று அவள் முதலிற் கேட்பாளா, பசிக்கிறதா என்று கேட்பாளா? மகள் அவ்வினாவை எதிர்நோக்கத் துணிந்தே அழைப்பாளா, அன்றித் தோழமையைப் பேராதனை விடுதியோடு நிறுத்திக்கொள்வாளா? லிந்துலையிலே இனிதாக உறங்கிய ஒருத்தி இவ்வினாவிலிருந்து தப்ப வழியில்லை.

மூன்றாம் நாட் காலையில் விருந்தினள் புறப்படுகின்றாள். தாய் தோட்டத்திற் கிடைத்த தேயிலைத்தூளைக் கடதாசியிற் பொதிந்து, மேலே துணிசுற்றிப் பைக்குள் வைக்கின்றாள். "அம்மாவுக்குக் குடுங்க" என்கின்றாள். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும்போது தோழியர் முகவரி பரிமாறிக்கொள்கின்றனர். யாழ்ப்பாணத்து முகவரியில் வீட்டின் பெயர் இருந்தது, ஒழுங்கையின் பெயர் இருந்தது. மற்றையவள் தன் பெயரை எழுதி, தோட்டத்தின் பெயரை எழுதி, லிந்துலை என்று முடித்தாள். வீட்டிலக்கம் எங்கே என்று விருந்தினள் கேட்டாள். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாரேனும் கொண்டுவருவர் என்று அவள் சொன்னாள். "நீ போடு, வந்து சேரும்."