முதல் சால் யாருக்கு?

நாரணாபுரம் என்றதும் பட்டாசு வாசனைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சிவகாசியைச் சுற்றி மானாவாரிக் கரிசலும் இருக்கிறது. புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்தால், பதம் போவதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். பார்த்து அதே சமயத்தில்தான் தீபாவளி அவசரத்தில் பட்டாசு ஆலைகள் ஆட்களை இழுத்துக்கொள்ளும். சரி, டிராக்டர் வாங்கலாமென்றால் மூணு ஏக்கர்காரருக்குக் கட்டுபடியாகுமா? நாலு நாள் ஓடும். மிச்ச நாளெல்லாம் தேய்மானக் கணக்குதான்.

அப்போ சேர்ந்து வாங்கு என்றது அரசாங்கம். தமிழகத்தில் 2017-18ல் வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் சாரம் இதுதான். 20 சிறு, குறு விவசாயிகள் ஒரு ஆர்வலர் குழு. அப்படி ஐந்து சேர்ந்தால் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. கருவிகள் வாங்க அந்தக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய். புது யோசனையா என்ன? ஒத்தை மாடு வைத்திருந்த ரெண்டு பேர் சேர்ந்து ஏர் பூட்டியவர்கள்தானே நம் ஆட்கள்!

ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 1740லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பக்கத்துப் பக்கத்து விவசாயிகள். ஒருவர் பயிர் இன்றைக்கு முற்றிவிட்டது, மற்றவர் பயிர் நாளைக்கு. இன்றைக்கு நான் உதவினால் நாளைக்கு அவன் வருவானா என்ற சந்தேகத்தில் ரெண்டு பேர் விளைச்சலும் பாழாகிறது.

ஹியூமுக்கு வந்த சிக்கல் சுலபமானது. கரிசலில் மழை எல்லார் காட்டிலும் ஒரே நாளில் பெய்கிறதே! ரோட்டவேட்டர் ஒன்று, காடு இருபது. முதல் ஆள் பதத்தில் உழுவார், பதினெட்டாவது ஆள் கட்டியை உடைப்பார். உரிமை மட்டும் சமம். பி.காம். வகுப்பில் 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் நடத்தினார்கள்: தனியாக ஒப்பந்தம் இல்லையென்றால் லாப நஷ்டம் சமபங்கு. ரூபாயைப் பங்கு போடலாம், ஈரத்தை எப்படிப் போடுவது?

சீட்டுக் குலுக்கலாம். தனியாளாக வெள்ளாமை பார்க்கும் அம்மாவுக்கு இருபதாம் நம்பர் விழுந்தால்? கஷ்டப்படுகிறவருக்கு முதலில் என்றால், சத்தமாகப் பேசுகிறவர்தான் கஷ்டப்படுகிறவர் ஆகிவிடுவார். வருஷா வருஷம் முறை மாற்றலாம்; பத்து வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். வயிறு பத்து வருஷம் காத்திருக்குமா?

எனக்குத் தோன்றுவது இது. முறை மாறட்டும். ஆனால் முதலில் உழுதவர்கள், கடைசி ஆள் காட்டுக்கு விதைப்புக்கும் களையெடுப்புக்கும் ரெண்டு நாள் கூலி இல்லாமல் போகட்டும். இயந்திரத்தில் வந்த வித்தியாசத்தை உடம்பால் கழிப்பது. இதையெல்லாம் ஆனியிலேயே, வானம் வெறிச்சென்று இருக்கும்போதே நோட்டில் எழுதிவிட வேண்டும். மேகம் திரண்ட பிறகு நியாயம் பேச யாருக்கும் பொறுமை இருக்காது.

பிளேடு உடைந்தால் யார் செலவு என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. கல்லு கிடக்கிற காடு யாருடையது என்று ஊருக்கே தெரியும்.