கோஷத்துக்குப் பிறகு

குரல் மாறிய ஒருவன் துரோகி ஆகிவிடுகிறானா என்ற கேள்வி நம் சிறு பத்திரிகை வட்டத்தில் பலமுறை எழுப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே கைவிடப்பட்டிருக்கிறது. 1971-ல் கோவையிலிருந்து வானம்பாடி வெளிவந்தபோது, உரத்த குரல்தான் மனிதாபிமானத்தின் அடையாளம் என்று ஒரு சாராரும், உரத்துச் சொன்னால் அது கவிதையே ஆகாது என்று மறு சாராரும் நின்றார்கள். பிற்பாடு உரக்கப் பேசியவர்களில் சிலர் தணிந்து எழுதத் தொடங்கினார்கள். அதை விலைபோதல் என்றது ஒரு சாரார். பக்குவம் என்றது மறு சாரார். இரண்டு தீர்ப்புக்கும் ஒரே சாட்சியம்தான்: குரலின் அளவு. குரல் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதைக் கொண்டு ஒருவனின் நேர்மையை அளந்துவிட முடியுமா என்று இரு தரப்பும் கேட்டுக்கொள்ளவில்லை.

கவிதையை வைத்தே இதைப் பேசினால் பேச்சு பழைய தடத்தில்தான் ஓடும். நாம் எல்லோரும் ஏற்கெனவே ஏதோவொரு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டவர்கள். ஆகவே தொலைவிலுள்ள ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வாஷிங்டன் நகரத்து ராக் இசைக் குழு ஒன்று, பெயர் ஃபுகாஸி. வேலம்பாளையத்தில் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே இருக்கும் எனக்கு இது வந்து சேர்ந்தது சட்டை வழியாக. சில வருஷங்களுக்கு முன் காதர்பேட்டையில், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலில் ஒரு கறுப்பு டீ-சர்ட் கிடைத்தது. ‘இது ஃபுகாஸி டீ-சர்ட் அல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அந்தக் குழு தன் பெயர் போட்ட சட்டை எதையும் விற்பதில்லை என்று தீர்மானித்திருந்ததாம். அதைக் கிண்டலாக வைத்து யாரோ திருட்டுத்தனமாக அச்சடித்த வாசகம் பல கை மாறி இங்கும் வந்திருக்கிறது. சட்டை தைத்துப் பிழைக்கும் ஊரில் இருப்பவனுக்கு, சட்டை விற்க மறுத்தவர்கள் யார் என்று அறிய ஆவல் வராமல் இருக்குமா? தேடிக் கேட்கத் தொடங்கினேன்.

அவர்களுக்கு முன்னால் அந்த ஊரில் ஹார்ட்கோர் என்றொரு இசை இருந்தது. பாட்டு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், உச்ச வேகம், தொண்டை கிழியக் கத்தல். இயன் மக்காய் என்பவர் ஜெஃப் நெல்சனுடன் சேர்ந்து 1980-ல் டிஸ்கார்ட் என்ற சொந்த ரிக்கார்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். அதே வருஷம் தொடங்கிய அவர்களுடைய மைனர் த்ரெட் குழு 1983-ல் கலைந்தது. அந்தக் கத்தலில் ஓர் அவசரமான உண்மை இருந்தது. ஆனால் மிகக் குறுகிய காலத்தில் கத்தலே ஒரு சம்பிரதாயம் ஆயிற்று. எந்த இடத்தில் கத்துவார்கள், எந்த இடத்தில் மோதிக்கொள்ளலாம் என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பாட்டுக்காக வந்தவர்களைவிட அடிதடிக்காக வந்தவர்கள் அதிகமானார்கள். அதிகாரத்தை எதிர்த்துப் பிறந்த சத்தம் பலவான்கள் பலவீனர்களைத் தள்ளிவிடுவதற்குத் தாளம் போட்டது.

1985-ல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் அங்கே வேறொரு திசையைத் திறந்தன. அதே வேகத்துக்குள் துக்கம், தடுமாற்றம், தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்ளுதல் எல்லாம் நுழைந்தன. அந்தக் குழுவின் கய் பிச்சியோட்டோ, பிரெண்டன் கான்டி, உடன் ஜோ லாலி, மக்காய் ஆகிய நால்வரும் சேர்ந்ததுதான் ஃபுகாஸி. முதல் கச்சேரி 1987-ல். போஸ்ட்-ஹார்ட்கோர் என்று விமர்சகர்கள் பெயரிட்டார்கள். கத்தி முடித்த பிறகு என்ன செய்வது என்பதே அந்தப் பெயருக்கு நான் கொள்ளும் அர்த்தம்.

ஆரம்பப் பாட்டுகளிலேயே வித்தியாசம் கேட்கிறது. பேஸ் கிட்டார் ரெகே இசையின் நிதானத்தோடு முன்னால் நடக்கிறது. மற்ற வாத்தியங்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளியில் காது கூர்மையாகிறது. 1990-ல் வந்த ரிப்பீட்டரில் பிச்சியோட்டோவும் கிட்டார் எடுத்தபின் இரண்டு கிட்டார்களும் ஒன்றை ஒன்று குறுக்கு விசாரணை செய்கின்றன. 1995-ன் ரெட் மெடிசினில், ஒழுங்கான பாட்டு என்று நாம் நினைப்பதையே உடைத்துப் பார்க்கிறார்கள். 2001-ல் வந்த கடைசித் தொகுப்பான தி ஆர்க்யுமென்டில் செல்லோ ஒலிக்கிறது. 1983-ன் மைனர் த்ரெட் ரசிகன் ஒருவன் தூங்கி 2001-ல் விழித்திருந்தால் அதே மனிதர் பாடுகிறார் என்று நம்பியிருக்க மாட்டான். விலைபோய்விட்டார்கள் என்றே சொல்லியிருப்பான்.

ஆனால் அவன் வாசலில் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலர், அதற்குச் சற்று மேல். சிறுவர்களைத் தடுக்கும் மதுக்கூடங்களில் வாசிப்பதில்லை; எந்த வயதினரும் வரலாம். பெரிய கம்பெனிகள் அழைத்தபோது போகவில்லை. சட்டை விற்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை இடித்துத் தள்ளினால் பாட்டை நடுவில் நிறுத்தி, அவன் கொடுத்த ஐந்து டாலரை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். சத்தம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறியது. வாசல் கணக்கு மாறவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். உருவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று 1959-ல் எழுத்து தொடங்கிய காலத்திலிருந்து நாம் சொல்லி வருகிறோம். இப்போது சத்தம் வேறு, நடத்தை வேறு என்று பிரித்து, நடத்தைக்கு மட்டும் மதிப்பெண் போடலாமா? போட முடியாது என்றே நினைக்கிறேன். பாட்டுக்குள் வரும் நிறுத்தத்தையும், அடிதடிக்காரனை அனுப்பப் பாட்டையே நிறுத்தியதையும் சேர்த்துக் கேட்கும்போது இரண்டும் ஒரே செயலாகத் தெரிகின்றன. கத்துகிறவன் கேட்பதில்லை. எதிரே இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்று கவனிக்கத் தொடங்கியதால்தான் அவர்கள் இசைக்குள் இடைவெளி வந்தது. ஆகவே அந்த மாற்றமும் ஒருவிதமான விசுவாசம்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. தணிந்து பேசுவது ஏற்கெனவே கேட்கப்பட்டவனுக்குக் கிடைக்கும் சொகுசு. கத்தியும் யாரும் திரும்பிப் பார்க்காதவனிடம் போய் ‘கத்தி முடித்த பிறகு’ என்று தத்துவம் பேசலாமா? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர். கானாவும் பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ராப்போடும் ஒரே மேடையில் நின்றன. இங்கே கோஷம் வேண்டியிருந்தது. அதை அவர்கள் தணிக்கவும் இல்லை.

ஆனாலும் அங்கேயும் ஒரு மாற்றம் நடந்தது. சாவு வீட்டிலிருந்த பாட்டு கிட்டாரோடு மேடைக்கு வந்தது. மேடை ஏறியதும் கானாவின் அசல் தன்மை போய்விட்டது என்று அங்கலாய்த்த நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒருநாளும் ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்து கானா கேட்டவர்கள் இல்லை. அசலாகவே இரு, கரடுமுரடாகவே இரு, உன் இடத்திலேயே இருந்து கத்து என்று மற்றவனுக்குச் சொல்வது ரசனைபோல் தோற்றம் கொண்டாலும் அடியில் இருப்பது சாதிப் புத்தி. ஒருவன் குரலை எப்போது மாற்ற வேண்டும், மாற்றவே கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கேட்கிறவனிடம் இல்லை. கேட்கிறவன் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: மாறியவன் எதைக் கைவிட்டு மாறினான் என்பது.

இதை எழுதத் தொடங்கிய காரணத்தை இனியும் ஒளிப்பது முறையில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது, கைமடி வேலை. ஊர்வலத்துக்குக் கோஷம் எழுதிக் கொடுத்தேன், முன்னால் நின்று கத்தினேன். எழுதியதில் ஒரு வரிகூட இன்று ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இருப்பது ராத்திரியில் ஊர் கிடந்த அமைதி. மெஷின் சத்தமில்லாத திருப்பூரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. முதலாளிகளை உறுத்தியது எங்கள் கோஷத்தைவிட அந்த அமைதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு வருஷா வருஷம் வேலை சிறு சிறு ஜாப் ஒர்க் யூனிட்களுக்குச் சிதறியது. பவர் டேபிளில் தைத்தேன், கடன் வாங்கினேன், பதினைந்து வேலம்பாளையம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த சமயத்தில் என்னிடம் நான்கு நிட்டிங் மெஷின்கள் இருந்தன. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டித் தருகிறேன். கோஷக் கவிதையை விட்டு வெகுநாள் ஆயிற்று. மழை, மதில், மத்தியானம் என்று சின்னக் கவிதைகள் எழுதினேன். சில இந்த மாதிரிப் பத்திரிகைகளில் வந்தன. நுட்பம் கூடியிருக்கிறது என்று கடிதங்கள் வந்தன. போன மே தினத்தன்று அந்தக் காலத்துத் தோழர் ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். “என்னங்க தோழர், உங்க சத்தமே காணோமுங்களே?” என்றார். நான் பக்குவம், உருவம் என்று ஏதோ சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நிட்டிங் மெஷினில் ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். எந்த ஊசி என்று ஓடும்போது கண்டுபிடிக்க முடியாது. மெஷினை நிறுத்தி, ஃபிட்டர் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தோழர் போனபிறகு நான் செய்தது அதுதான். என் குரல் எப்போது தணிந்தது என்று வருஷத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தேன். கடைசிக் கோஷக் கவிதைக்கும் முதல் மெஷினுக்கும் நடுவே ஐந்து மாதம்கூட இல்லை. எனக்கு உருவப் பிரக்ஞை வந்த தேதி, எனக்குக் கூலியாட்கள் வந்த தேதிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. என் யூனிட்டில் பையன்கள் ஒன்றரை ஷிஃப்ட் நிற்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம். 1984-ல் நான் எதை எதிர்த்துக் கத்தினேனோ அதில் பாதியாவது அதற்குள் இருக்கிறது. ஃபுகாஸி சத்தத்தை மாற்றி வாசல் கணக்கை வைத்துக்கொண்டது. நான் இரண்டையும் மாற்றிக்கொண்டு, ஒன்றை மட்டும் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதனால் சின்னக் கவிதைகள் பொய் என்றோ, நாளையிலிருந்து மறுபடி கோஷம் எழுத வேண்டும் என்றோ ஆகாது. அறுபது வயதில் பதினெட்டு வயதின் தொண்டையை வரவழைத்துக்கொண்டால் அது வேஷமாகத்தான் இருக்கும். அந்த நால்வரும் 2002-க்குப் பிறகு சேர்ந்து மேடையேறவில்லை. அதையும் யாரும் துரோகம் என்பதில்லை. 2011-லிருந்து தங்கள் பழைய கச்சேரிப் பதிவுகளை, எண்ணூறுக்கு மேல், தப்பும் தடுமாற்றமும் பேச்சும் உள்பட அப்படியே எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். எவனும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் அப்படிச் சரிபார்க்கக் கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கவிதைத் தொகுப்பைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. சனிக்கிழமைச் சம்பளம் போடும் நோட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தோழரை ஒருநாள் யூனிட்டுக்குக் கூப்பிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். இதுவரை கூப்பிடவில்லை.