மோட்சமும் கூலியும்

மறுமையில் கிடைக்கப்போகும் பலனை மனசில் வைத்துக்கொண்டு ஒரு கிறிஸ்தவர் வாழலாமா? இந்தக் கேள்விக்கு இரண்டு தயார் பதில்கள் இருக்கின்றன. 'மோட்சம் என்பது ஏழைக்குக் கொடுக்கிற மயக்க மருந்து, தூக்கிப் போடுங்க' என்பார்கள் இயக்கத் தோழர்கள். 'பலனை எதிர்பார்க்காமல் ஆண்டவரை நேசிப்பதுதான் விசுவாசம், கூலிக்கு மாரடிப்பதா விசுவாசம்?' என்பார்கள் படித்த கிறிஸ்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: கூலியைப் பற்றிப் பேசாதே.

ஆண்டை வீட்டு எழவுக்குப் போய்க் கூலிக்கு மாரடிச்சது யாரு? நம்ம பொம்பளைங்கதானே. ஒரு நாளும் கூலி பாக்கி விழாத வீட்டில் பிறந்தவருக்குப் பலனை எதிர்பார்க்காமல் இருப்பது சுலபம். பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் கொல்லையிலும், அரியலூர்ப் பக்கம் முந்திரிக் காட்டிலும் பொழுதெல்லாம் குனிந்து நிமிர்ந்த சனங்களுக்குக் கூலி என்பது கேவலமான சொல் அல்ல. செய்த வேலைக்கு மரியாதை அது.

எங்க அப்பாயி ராத்திரியில் செபமாலை சொல்லி முடித்ததும் ஒன்று சொல்லும்: 'கீழ அளக்கிறவன் தலையத் தட்டித் தட்டி அளக்கிறான். மேல அளக்கிறவரு கோபுரமா அளப்பாரு.' இது மயக்க மருந்து என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் மறுநாள் களத்தில் மரக்காலைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதும் அதே அப்பாயிதான். சரியான அளவு ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று நம்புகிறவளுக்குத்தான் தலை தட்டின மரக்கால் பொறுக்காது.

ஆனால் கோயிலில் நமக்குச் சொல்லப்பட்ட மோட்சம் வேறு. 'இங்கே பொறுத்துக்கோ, அங்கே கிடைக்கும்' என்ற மோட்சம் அது. சரி, அங்கே போகிற வழியாவது எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததா? 1703ல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704ல் ஓர் ஆணை போட்டார். சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள்ளேயே போய்க் குருக்கள் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இப்படி ஒரு விதி எதற்கு வேண்டியிருந்தது? குருக்கள் சேரி வீட்டுக்குள் நுழைவதில்லை. அவஸ்தைப்பூசுதலுக்கு, உயிர் போகிற நேரத்தில் நோயாளியைத்தான் வெளியே தூக்கி வரவேண்டும். வழக்கு நாற்பது வருசம் இழுத்தது. 1744ல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை பிறப்பித்தபோது கிடைத்த தீர்வு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிக் குருக்கள்! மோட்சத்தின் வாசல்படியிலேயே தீட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலோடு பேர் சேர்ந்த வீரமாமுனிவர் வாழ்ந்த காலமும் அதுதான். எம்.ஏ. தமிழில் நான் தேம்பாவணியைப் பாடமாகப் படித்தேன். இந்த ஆணைகளைப் பற்றி எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே எழுப்பிய சாதிச்சுவர் ஊரறிந்தது. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. பெரம்பலூர், அரியலூர் பங்குகளெல்லாம் அடங்கிய அதே கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் துறையூர் வட்டத்துக் கோட்டப்பாளையமும் இருக்கிறது. கோயில் திருவிழாவில் எங்களுக்குச் சமபங்கு இல்லை என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் ஆனது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தான் கல்லறையில் சுவர் எழுப்புகிறார்கள். எக்காளம் ஊதினதும் எந்தப் பக்கம் எழுந்திருப்பது என்று யோசித்தார்களா?

'சோத்துக்கும் கோதுமைக்கும் வேதத்துல சேந்தவங்க' என்று நம்மை ஏசுவது இன்னும் நிற்கவில்லை. கணக்கைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு என்று வைத்தது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானவர் வெளியே நிற்கிறார். இந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை கொடுத்தும் நடக்கவில்லை, 2022ல் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்துச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஞானஸ்நானத்துக்கு நட்டத்தைக் கட்டி வைத்தது சட்டம். லாபத்துக்காக விசுவாசித்தான் என்று பேரு நமக்கு! இந்த நாட்டில் விசுவாசத்துக்கு ரொக்கமாக விலை கொடுத்தவர்கள் தலித் கிறிஸ்தவர்கள்.

இனி நற்செய்திக்கே வருவோம். பலனைப் பற்றி சேசு வெட்கப்படாமல் பேசுகிறார். ஆனால் எதற்குப் பலன்? திருப்பிக் கூப்பிட வக்கில்லாதவர்களை விருந்துக்குக் கூப்பிடு, உனக்கு உயிர்த்தெழுதலில் ஈடு கிடைக்கும் என்கிறார் லூக்காவில். பசித்தவனுக்குச் சோறு, உடுத்த இல்லாதவனுக்குத் துணி என்று கணக்குக் கேட்கிறார் மத்தேயுவில். அப்படியானால் மறுமைப் பிரசங்கத்தை யாரிடம் செய்திருக்க வேண்டும்? சோறு வைத்திருக்கிறவரிடம், தேர் வடத்தைப் பிடித்திருக்கிறவரிடம். அதைக் காலனிப் பக்கம் திருப்பிவிட்டு, 'பொறுமை' என்று பேர் வைத்ததுதான் மோசடி.

இன்னொன்றும் நடக்கிறது. மேலே ஆளுக்கொரு கிரீடம், அதில் பெரிசு சின்னது என்று தரம் பிரித்துச் சொல்கிற பிரசங்கங்கள். மோட்சத்திலும் ஊர்த்தெரு, காலனித்தெருவா? திராட்சைத் தோட்டத்து உவமையில் விடியக்காலை வந்தவனுக்கும் பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி. முணுமுணுத்தவர்கள் முதலில் வந்தவர்கள். தங்களுக்குக் குறைந்தது என்பதற்காக அல்ல, மற்றவனையும் சமமாக்கிவிட்டார் என்பதற்காக. நம் ஊரில் தினமும் கேட்கிற முணுமுணுப்பு அது.

'அப்படியானால் சமத்துவத்துக்காகவே சமத்துவம் செய்யலாமே, மறுமை எதற்கு?' என்று தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாம் போராடி நாளைக்குப் பொதுக்கல்லறை வாங்கலாம், பேரப்பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் தலைதட்டின மரக்காலோடு செத்துப்போனவர்களுக்கு எந்தச் சங்கம் பாக்கியை வாங்கித் தரும்? எந்தப் புரட்சியும் அவர்கள் கையில் கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்காது. மோட்சம் உண்டா இல்லையா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் செத்தவர்கள் கணக்கு மூடப்படவில்லை என்று சொல்கிற ஒரு சொல்லைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை. கைவிட்டால், தலை தட்டினவன் கடைசியாகவும் ஜெயித்துவிட்டான் என்று ஆகிவிடும்.

ஆகவே, மறுமைப் பலனை மனசில் வைத்து வாழ்வது தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. பரட்டை என்று நாமறிந்த தியாபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று பேசினார், எல்லாருக்கும் ஒரே பானையில் கொதிக்கிற சோறு. மேலே ஒரே பந்தி என்று நம்புகிறவர் கீழே தனிப்பந்தியில் உட்கார்ந்து பழகினால், அங்கே போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கும்பகோணம் மறைமாவட்டத்து ஒவ்வொரு பங்கிலும் அடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், எல்லாப் பிணத்துக்கும் ஒரே தோட்டம் இருக்கிறதா, தேர் எல்லாத் தெருவுக்கும் வருகிறதா என்று கேளுங்கள். வருகிற பதிலை வைத்து, அங்கே மோட்சத்தை நம்புகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாம்.