அழகு என்ற சாட்சி

ஒரு பொருளை, அது விகாரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? இலக்கியத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு உறுத்துவதில்லை. ஒரு மோசமான நாவலை வேண்டாமென்பதால் எவனுக்கும் உயிர் போய்விடாது, படிக்காமல் விட்டுவிடலாம். ஊர் நடுவே எழும்பும் பொருளைப் பார்க்காமல் விட முடியாது. வேண்டாமென்று தடுத்தாலோ அதனால் பயனடைய இருந்தவனுக்கு நஷ்டம். ரசனை இங்கே பிறர் வாழ்வின் மீது அதிகாரம் செலுத்துகிறது. அதனாலேயே அது பதில் சொல்லக் கடமைப்பட்டதாகவும் ஆகிறது. இந்த நிலைமை, மற்ற கலப்புகள் வடிகட்டப்பட்டு, ஒரு பரிசோதனைக் கூடத்தில் அமைந்ததுபோல் அமைந்திருப்பது அமெரிக்கச் சிற்றூர்களில் - செல்ஃபோன் டவர்கள் குறித்து உள்ளூர்ச் சபைகள் நடத்தும் விசாரணைகளில்.

1996 பிப்ரவரியில் சட்டமான டெலிகம்யூனிகேஷன்ஸ் ஆக்டின் 704ஆம் பிரிவு, டவர் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை உள்ளூர்ச் சபைகளிடமே விட்டது. விட்டதோடு கட்டவும் செய்தது. சேவையே நுழையாதபடி செய்துவிடக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நியாயம் மாறக் கூடாது. மறுப்பதானால் எழுத்தில் மறுக்க வேண்டும். பதிவான சான்றுகள் வேண்டும். கடைசியாக, விஷயத்தின் மையமான நிபந்தனை: டவரின் அலைவீச்சு மத்தியக் கமிஷன் வகுத்த வரம்புக்குள் இருக்குமானால், அந்த அலைவீச்சின் சுற்றுச்சூழல் விளைவுகளைக் காரணம் காட்டி ஒரு டவரை மறுக்கக் கூடாது. உடல்நலம் பற்றிய கவலையும் இதில் அடங்கும் என்றே கோர்ட்டுகள் கொண்டன.

இதன் விளைவு யோசிக்கத் தக்கது. தன் குழந்தை படுக்கும் அறைக்கு எதிரே டவர் வருவதைக் கண்டு பயப்படுகிற ஒரு தாய், சபை முன் எழுந்து நின்று, அந்தப் பயத்தைச் சொன்னால் அது காரணமாக எடுத்துக்கொள்ளப்படாது. அடிவானத்தின் கோடு கெடுகிறது என்று அவள் சொன்னால் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே அவள் அடிவானத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்கிறாள். வீட்டு விலை இறங்குமே என்ற கவலை, கேட்காமல் வந்து நிற்கும் கம்பெனியின் மீதான எரிச்சல், எல்லாம் வந்து சேருவது ஒரே வாசலில். தத்துவவாதிகள் பயனற்றது, சுயநலமற்றது என்று தனியே பிரித்துவைத்த அழகுணர்ச்சி, சட்டத்தின் கைபட்டு, மற்ற எல்லா நலன்களுக்கும் வக்காலத்து வாங்கும் குமாஸ்தாவாகிவிட்டது.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தன் பாஷை தடை செய்யப்பட்டவன் இரவல் பாஷையில் பேசுகிறான்; குற்றம் அவனிடம் மட்டும் இல்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்பது வேறு விஷயம். ஆதாரமற்ற பயமும் சபையில் பேசப்பட்டு, பதில் பெற்று, தோற்கவாவது வேண்டும். பேசவே விடாத பயம் தோற்பதில்லை. அது அழகின் பெயரைப் போட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கும் வருகிறது. இதில் அழகுக்கும் ஒரு சேதம் நேர்கிறது. மலையின் கோட்டை நிஜமாகவே நேசிக்கிற ஒருவன் எழுந்து பேசினாலும், இவன் மனசில் வேறு என்ன இருக்கிறதோ என்றுதான் சபை பார்க்கும். கள்ள நோட்டு பெருகிய சந்தையில் நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்.

சரி, நிஜமான ரசனையே பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் காரணம் கேட்க முடியுமா?

ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வடக்கே ராஸ்வெல் என்ற ஊர். வீடுகள் நிறைந்த பகுதியில் 108 அடி உயர டவர் ஒன்றை, பைன் மரத்தின் உருவத்தில், நிறுவ டி-மொபைல் கம்பெனி அனுமதி கேட்டது. 2010 ஏப்ரலில் நகரசபை விசாரித்தது. பகுதியின் அழகுக்கு இது பொருந்தாது என்றார் ஒரு உறுப்பினர். மற்ற கம்பெனிகளின் சேவை அங்கே போதுமானதாகவே இருக்கிறதே என்றார் இன்னொருவர். அவசர காலத்துக்கு மாற்று மின்சார வசதி இல்லையே என்றார் வேறொருவர். அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் போன கடிதத்தில் மறுப்பு மட்டும் இருந்தது, காரணம் இல்லை. காரணங்கள் அடங்கிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வெளிவர மேலும் 26 நாட்கள் ஆயின. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2015 ஜனவரியில் தீர்ப்பு: காரணம் சொல்லியே ஆக வேண்டும், கடிதத்திலேயே சொல்ல வேண்டுமென்பதில்லை, நடவடிக்கைக் குறிப்பில் சொன்னாலும் போதும், ஆனால் மறுப்போடு ஏறக்குறைய ஒரே சமயத்தில் அது வெளிவர வேண்டும். ராஸ்வெல் சபை தாமதித்துவிட்டது. அந்தப் பொய் மரம் அழகா விகாரமா என்பதைப் பற்றிக் கோர்ட் ஒன்றும் சொல்லவில்லை. அதன் கவலையெல்லாம், பிடிக்கவில்லை என்றவன் ஏன் பிடிக்கவில்லை என்பதையும் உடனே எழுதிக் கொடுத்தானா என்பதே.

தமிழில் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது பழைய சண்டை. 'எழுத்து' காலத்தில் சி. சு. செல்லப்பா அலசல் விமர்சனம் என்று வற்புறுத்தியதும், க. நா. சு. தேர்ந்த ரசனையின் முடிவே போதுமென்ற போக்கில் பட்டியல்கள் தந்துகொண்டிருந்ததும் இதே முடிச்சின் இரண்டு நுனிகள். 1790இல் காண்ட் இந்த முடிச்சை இட்டுவிட்டுப் போனார். அழகைப் பற்றிய தீர்ப்பு எல்லோருடைய சம்மதத்தையும் கோருகிறது. அதே சமயம் அதை நிரூபிக்க ஒரு சூத்திரமும் கிடையாது. எனக்கு மட்டும் அழகு என்று சொன்னால் சொல்லுக்கே பொருள் போய்விடும். எல்லோருக்கும் அழகு என்று கணக்குப் போட்டுக் காட்டவும் முடியாது.

அமெரிக்க மத்தியக் கமிஷன் 2018இல் இந்த முடிச்சை ஒரு உத்தரவின் மூலம் அறுக்கப் பார்த்தது. தெருக்கம்பங்களில் பொருத்தப்படும் சிறு அலைக் கருவிகள் விஷயத்தில், உள்ளூர்ச் சபைகளின் அழகியல் விதிகள் நியாயமானவையாக, முன்கூட்டியே வெளியிடப்பட்டவையாக, புறவயமானவையாக இருக்க வேண்டும் என்றது. 2020இல் ஒரு அப்பீல் கோர்ட் இதில் 'புறவயமானவை' என்ற நிபந்தனையை ரத்து செய்தது. அழகுக்கு அளவுகோல் உண்டா என்ற கேள்வி ஒரு நிர்வாகச் சட்ட வழக்கில் வந்து சிக்கிக்கொண்டு, தீராமலேயே வெளியேறிற்று. தீராதது நல்லதென்றே நினைக்கிறேன். உயரத்துக்கு அளவு உண்டு, நிறத்துக்கு எண் உண்டு, வேலியிலிருந்து தூரம் உண்டு. அளக்கக் கூடியவற்றை மட்டும் அழகென்று சட்டம் ஏற்றுக்கொண்டால், நாளடைவில் மனிதர்களும் அளக்கக் கூடியதை மட்டுமே பார்ப்பார்கள்.

ஆனால் அளவில்லை என்பதால் காரணமே இல்லை என்றாகாது. காரணம் என்பது நிரூபணம் அல்ல, சுட்டிக்காட்டுவது. 'இந்த இடத்தில் நின்று பார், ஆற்றின் வளைவையும் சர்ச்சின் கூரையையும் தொடுத்துக்கொண்டு போகிற கண் இங்கே அறுபடுகிறது' என்று சொல்வது ஒரு காரணம். கேட்பவன் போய் நின்று பார்க்கலாம். இல்லை, எனக்கு அறுபடவில்லை என்று சொல்லவும் செய்யலாம். நல்ல விமர்சனம் செய்வதும் இவ்வளவுதான். பொதுப்படையாக 'ஊரின் அழகு கெடும்' என்பதைச் சான்றாக ஏற்கக் கோர்ட்டுகள் பலமுறை மறுத்து, இந்த இடம், இந்தக் காட்சி என்று குறிப்பாகக் கேட்டிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அந்த நீதிபதிகள் நம் மதிப்புரையாளர்கள் பலரைவிடக் கறாரானவர்கள்.

போய் நின்று பார்ப்பதற்கு அவர்கள் ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். டவர் வரவிருக்கும் இடத்திலிருந்து, உத்தேச உயரம் வரை, கயிறு கட்டி ஒரு பெரிய பலூனைப் பறக்க விடுவார்கள். பெரும்பாலும் சிவப்பு. காற்றில்லாத காலை வேளை பார்ப்பார்கள். இலையுதிர்ந்த பருவமாக இருந்தால் மறைப்பு குறைவு. ஊர் தெரிந்துகொள்ள முன்கூட்டி அறிவிப்பு. கார்களில் சுற்றிவந்து பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம், பழைய வீதி என்று இடம் குறித்து, பலூன் தெரிகிறதா என்று போட்டோ எடுப்பார்கள். தெரிந்த படங்களில் பலூன் இருக்குமிடத்தில் டவரின் உருவத்தை ஒட்டிச் சபையில் வைப்பார்கள்.

இல்லாத ஒன்றை ஊரே கூடிப் பார்க்கிற இந்தக் காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. பலூனைத் தேடிப் போகிறவன், பல வருஷம் கண்ணில் படாமல் கடந்துபோன மலையை அன்றைக்குத்தான் பார்க்கிறான். இழக்கப் போகிறோம் என்ற எண்ணம் பார்வையைக் கூர்மையாக்குகிறது. ஆனால் அந்தப் படங்களை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கம்பெனி நியமித்த ஆள். எந்த லென்ஸ், எந்த மூலை, எந்த வெளிச்சம் என்பதெல்லாம் அவன் தேர்வு. அகன்ற லென்ஸில் மலையும் டவரும் சேர்ந்தே சிறுத்துப்போகும். சபை தீர்ப்பளிப்பது ஒரு காட்சியைப் பற்றியல்ல, வேறொருவன் தேர்ந்த படத்தைப் பற்றி. பலூன் பறந்த அன்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கே சபையில் அழகைப் பற்றிப் பேசும் தகுதி அதிகம்.

இவ்வளவு விசாரணைக்கும் பிறகு வழக்கமாக எட்டப்படும் சமரசம் வேஷம். மிருகக்காட்சிசாலைகளுக்கும் மியூசியங்களுக்கும் செயற்கைப் பாறைகள் செய்து கொடுத்துவந்த அரிஸோனாக் கம்பெனியொன்று 1992இல் டென்வரில் முதல் பைன் மர டவரை நிறுவிற்று. எஃகுக் கம்பம், பட்டை போல வார்த்த உறை, செருகிய கிளைகள், பிளாஸ்டிக் ஊசியிலைகள். பிறகு ஈச்சை வந்தது, பாலைநிலத்தில் கள்ளி வந்தது, கொடிக்கம்பம் வந்தது. சர்ச் கோபுரங்களுக்குள் கருவிகளை ஒளித்து சர்ச்சுக்கு வாடகை கொடுத்தார்கள். ராபர்ட் வோய்ட் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் இந்தப் பொய் மரங்களைப் பல தேசங்களில் தேடி, மனிதர்களை நிறுத்தி எடுப்பதுபோல் நேரெதிரே நின்று எடுத்திருக்கிறார்.

இந்த மரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. பக்கத்து மரங்கள் வளரும்போது இது வளராது; அவை காற்றில் ஆடும்போது இது ஆடாது. மரம் என்று நம்பவைப்பது அதன் நோக்கமே இல்லை. பார்க்காமலிருக்க நமக்கு ஒரு சாக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. டவர் எனக்கு வேண்டும், அது என்னிடம் இருப்பது எனக்குத் தெரியக் கூடாது - இந்த மனோபாவத்தின் சிற்பம் அது. இதை 'செல்ஃபோன் கோபுரம்' என்று எழுதத் தமிழில் கை தயங்குகிறது. கோபுரம் தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டுமென்று எழுப்பப்பட்டது. கண்டவன் கையெடுத்துக் கும்பிடுவான். இதுவோ நம்மிடையே மிக உயரமாக நின்றுகொண்டு, தன்னைக் காணாதே என்று கெஞ்சுகிறது. ஒரு சமூகம் தான் சார்ந்து வாழும் பொருளைக் கண்டு வெட்கப்பட்டால், வெட்கம் பொருளைப் பற்றியதா, சார்ந்திருப்பதைப் பற்றியதா என்று கேட்க வேண்டும்.

பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஈஃபெல் டவரைக் காட்டுவார்கள். 1887இல் மாப்பசானும் கார்னியேயும் இன்னும் பல கலைஞர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். இருபது வருஷத்துக்கே அனுமதி பெற்ற அது பிழைத்தது கம்பியில்லாத் தந்திக்கு உதவியதால்தான். இன்று அது இல்லாத பாரீஸைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அது ஒருநாளும் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. இரும்பாகவே நின்று, இரும்பாகவே ஏற்கப்பட்டது. தவிர, பழக்கம் எதையும் நியாயப்படுத்துவதில்லை. சாக்கடை நாற்றமும் பழகத்தான் செய்கிறது.

கண்ணுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கேள்வி கடுமையாக எழுந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைப்பகுதி. 1892இல் காப்பிடமாக்கப்பட்ட, சுமார் 60 லட்சம் ஏக்கர் பரப்பு. உள்ளே ஊர்களும் மனிதர்களும் உண்டு. அதை மேற்பார்க்கும் ஏஜென்சி 2002இல் டவர்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது: அவை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாதவையாக இருக்க வேண்டும். ஜார்ஜ் ஏரிக்கு மேலே பைன் வேஷத்தில் எழுந்த ஒரு டவருக்கு, ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்தை நினைத்து, 'ஃபிராங்கன்பைன்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். 2007 ஜனவரியில், அந்த மலைப்பகுதி வழியே போகும் நெடுஞ்சாலையை விட்டு ஒரு தம்பதியின் கார் விலகி விழுந்தது. கையில் செல்ஃபோன் இருந்தது, சிக்னல் இல்லை. ஒரு நாளுக்கு மேல் குளிரில் கிடந்து கணவர் இறந்துபோனார். பிறகு அந்தச் சாலையோரம் டவர்கள் வரலாயின.

அழகு கொன்றது என்று சொல்ல நான் தயாரில்லை. ஆளில்லாத மலையில் லாபமில்லை என்று கம்பெனிகள் ஒதுங்கியிருந்ததும் காரணம். இருந்தும் அந்தச் சாவு ரசனையை ஒரு கேள்வி கேட்கிறது. ரசனை முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. மலையின் கோடு அறுபடாமல் இருப்பது ஒரு நன்மை, அதில் சந்தேகமில்லை. அது இழப்பாகாமல் இருக்க எதையும் தரலாம் என்பது மட்டும் பொய். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறபோது, கொடுத்தது என்ன என்று ஞாபகம் வைத்துக்கொள்வது குறைந்தபட்ச நேர்மை. சாலையோரத்தில் டவராகவே நிற்கும் டவர் அந்த ஞாபகத்தை வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் மரம் இரண்டையும் சேர்த்து மறைக்கிறது - நாம் மலையிடமிருந்து எடுத்துக்கொண்டதையும், எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததையும்.

ஆகவே உள்ளூர்ச் சபை கேட்கவேண்டிய கேள்வி, இது தெரியுமா தெரியாதா என்பதல்ல. தெரியட்டும். இந்த இடத்தில், இந்த உயரத்தில், இதற்காக, இந்தக் காட்சியை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்கட்டும். சம்மதமில்லை என்றால் எந்தக் காட்சியை, ஏன் விடமுடியாது என்று ஊர் தன் பெயரில் எழுதிக் கொடுக்கட்டும். அதனால் சிக்னல் கிடைக்காமல் போகிறவன் அதை வாசிக்கட்டும். சம்மதம் என்றால் இரும்பை இரும்பாகவே நிறுத்திவிட்டு, அதன் எதிரில் குடியிருக்கட்டும்.