கற்பனையும் கற்பனைகளும்: கிறித்தவ இல்லக்கல்வியில் ஓவியப் பாடமும் விவிலியப் பாடமும்

முன்னுரை

'கற்பனை' என்னும் சொல் தமிழில் இருவேறு பொருள்களில் வழங்கி வருகின்றது. இலக்கியத் திறனாய்வில் அது படைப்பாளியின் மனத்திறனைக் குறிக்கின்றது. தமிழ்க் கிறித்தவ வழக்கிலோ இறைவனின் கட்டளையைக் குறிக்கின்றது. மோசே பெற்ற பத்துக் கட்டளைகளைப் 'பத்துக் கற்பனைகள்' எனச் சுட்டும் மரபு சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் நிலைபெற்ற ஒன்றாகும். காணாததைக் கண்முன் நிறுத்தும் ஆற்றலும், கேட்டபடி ஒழுக வேண்டிய ஆணையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது சிந்தனைக்குரியது. இவ்விரு கற்பனைகளும் ஒரே இல்லத்தில், ஒரே மேசையில், ஒரே ஆசிரியரால் குழந்தைக்குக் கற்பிக்கப்படும்போது எழும் அறச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம்பிக்கையைக் கற்பிக்கும் பெற்றோர் ஓவியத்தையும் தாமே கற்பிக்கும்போது, ஓவியத்தை நம்பிக்கைக்குரிய கருவியாக மட்டும் ஆக்கிக்கொள்வது அறமாகுமா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. பெற்றோர் தம் சமயத்தைப் பிள்ளைக்குக் கற்பிப்பது தகுமா என்பது இதனினும் விரிந்த வினா. இவ்வினாவுக்குத் தேவைப்படும் அளவிலேயே அது இங்குத் தொடப்படுகின்றது.

இல்லக்கல்வியின் களம்

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980களில் கிறித்தவக் குடும்பங்களிடையே விரைந்து பரவியது. 1993ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களிலும் அது சட்ட ஏற்புப் பெற்றது. அந்நாட்டின் கல்விப் புள்ளியியல் மையம் 1999இல் இவ்வாறு கற்ற மாணவர்களை ஏறத்தாழ 8,50,000 எனவும், 2016இல் ஏறத்தாழ 17 இலட்சம் எனவும் மதிப்பிட்டது. எல்லாக் குடும்பங்களும் சமயக் காரணத்தால் இம்முறையைத் தேர்ந்தவை அல்ல. எனினும் சமயப் பயிற்சி இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு ஓவிய ஆசிரியர் ஒருவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் மற்றொருவர், பெற்றோர் வேறு. ஒருவர் ஏற்காத ஒன்றை மற்றொருவர் ஏற்கக்கூடும். ஒருவர் காணத் தவறியதை மற்றொருவர் காணக்கூடும். இல்லக்கல்வியிலோ இம்மூவரும் பெரும்பாலும் ஒருவரே. காலையில் விவிலியப் பகுதியை வாசித்து விளக்கியவரே அடுத்த மணி நேரத்தில் வண்ணப் பென்சில்களை எடுத்து வைக்கின்றார். வாசித்த பகுதியையே வரையச் சொல்வதும் இயல்பாக நிகழ்கின்றது. குழந்தை வரைந்ததைச் 'சரி' என்றோ 'தவறு' என்றோ சொல்லும் அதிகாரம், அன்பு காட்டும் அதே முகத்திடம் குவிந்துள்ளது. அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

பெற்றோர் உரிமையும் குழந்தையின் எதிர்காலமும்

ஒரேகான் மாநிலம் குழந்தைகள் அனைவரும் அரசுப் பள்ளியிலேயே பயில வேண்டும் எனச் சட்டமியற்றியபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925இல் அதனைச் செல்லாததாக்கியது. குழந்தை அரசின் உடைமையன்று என்பது அத்தீர்ப்பின் சாரமாகும். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆமிஷ் சமயக் குழுவினர், தம் பிள்ளைகளை எட்டாம் வகுப்பிற்கு மேல் பள்ளிக்கு அனுப்ப மறுத்த வழக்கில் வெற்றி பெற்றனர். அவ்வழக்கில் ஓரளவு மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், பெற்றோரின் விருப்பம் மட்டுமன்றிப் பிள்ளையின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும் என்றார். அப்பிள்ளை இசைக்கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ ஆக விரும்பக்கூடும் என்பது அவர் சுட்டிய கருத்து. மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் இக்கருத்தை வளர்த்தெடுத்து, திறந்த எதிர்காலம் என்பது குழந்தையின் உரிமை என வாதிட்டார். குழந்தை வளர்ந்தபின் தானே தேர்ந்துகொள்ள வேண்டியவற்றை முன்கூட்டியே அடைத்துவிடலாகாது என்பது அவர் கொள்கை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எம்மொழி வேண்டும் எனக் குழந்தையைக் கேட்டா தாய் பேசத் தொடங்குகின்றாள்? தாய்மொழியைப் போலவே நம்பிக்கையும் வீடு வழங்கும் மரபுச் செல்வம். எதையும் வழங்காது விடுவது நடுவுநிலை ஆகாது, வறுமையே ஆகும் என்பர். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் அவ்வுவமையை முழுமையாக ஏற்றால் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டும். தாய் கற்பித்த மொழியிலேயே குழந்தை தாயிடம் 'மாட்டேன்' என்கின்றது. வழங்கியவரையே மறுத்துரைக்கும் ஆற்றலை மொழி தன்னுள் கொண்டுள்ளது. ஆதலின் வீட்டில் கற்பிக்கப்படும் எதற்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். கற்பித்தவர் காணாததைக் காணவும், கற்பித்தவரிடம் வினவவும் அது குழந்தைக்கு வலிமை தருகின்றதா?

வெளிக்கோட்டுப் படமும் வெற்றுத் தாளும்

படத்தின் வழி மறையைக் கற்பிப்பது புதிதன்று. ஏறத்தாழ கி.பி. 600இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி, கோயில் படங்களை உடைத்த மார்செய் நகர் ஆயர் செரினுசுக்கு எழுதிய மடலில், படங்களை வணங்கலாகாது எனினும் எழுத்தறியாதார்க்கு அவை கற்பிக்கும் என அறிவுறுத்தினார். எழுத்தறியாக் குழந்தைக்கு இக்கருத்து எளிதில் பொருந்துகின்றது. ஆனால் கிரகோரி கூறியது படத்தைப் 'படிக்கும்' முறைமை. இன்று இல்லங்களில் பெரிதும் வழங்குவது, வெளிக்கோட்டுப் படத்திற்கு வண்ணம் நிரப்பும் முறைமை. இரண்டும் ஒன்றல்ல.

நோவாவின் பேழையைச் சான்றாகக் கொள்வோம். குழந்தைகளுக்குரிய வண்ணப் புத்தகங்களில் பேழையின் மேல்தளத்தில் ஒட்டகச்சிவிங்கி தலைநீட்டும், வானவில் வளைந்திருக்கும், நோவா புன்னகைப்பார். குழந்தை கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டினால் பாராட்டுப் பெறும். தொடக்கநூலின் ஏழாம் அதிகாரமோ, நிலத்தில் மூச்சுடன் இருந்த அனைத்தும் மாண்டதைத் தெளிவாகக் கூறுகின்றது. மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் வெள்ளப்பெருக்கைத் தீட்டியபோது, பேழையைப் பின்னணியில் ஒதுக்கிவிட்டு, குழந்தையையும் துணையையும் சுமந்து மேட்டில் ஏறித் தப்ப முயலும் மாந்தரை முன்னே நிறுத்தினார். கதையைக் கேட்ட குழந்தையிடம் வெற்றுத் தாளைக் கொடுத்தால், அது நீரில் மூழ்குவோரை வரையக்கூடும். அதைக் கண்டு திடுக்கிட்டு, 'இவர்களை ஏன் வரைந்தாய்?' என அழித்துவிடும் ஆசிரியர், குழந்தையின் கற்பனையை மட்டும் அழிக்கவில்லை. மறைநூல் கூறியதையும் சேர்த்தே அழிக்கின்றார். வெளிக்கோட்டுப் படத்தைவிட வெற்றுத் தாளே குழந்தையை நூலுக்கு அணுக்கமாகக் கொண்டு செல்கின்றது என்பது நோக்கத்தக்கது.

ஒற்றைப் படத்தின் ஆட்சியும் இவ்வகையினதே. சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய இயேசுவின் முகம் கோடிக்கணக்கான அச்சுப்படிகளாகப் பரவியது. நான்கு நற்செய்தி நூல்களும் இயேசுவின் முகத்தோற்றத்தை வருணிக்கவில்லை. இருந்தும் அவ்வொரு படத்தையே கண்டு வளர்ந்த குழந்தைக்கு அது ஓர் ஓவியரின் கற்பனையாகத் தோன்றாது, உண்மையாகவே தோன்றும். கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ ட ஃபொன்சேகா (1902–1967) இந்தியப் பெண்ணாகச் சேலையில் தீட்டிய மரியாளையும் அருகில் வைத்துக் காட்டினால், படம் வேறு, பாடம் வேறு என்பதைக் குழந்தை தானே உணரும்.

யாத்திராகமம் காட்டும் நெறி

கிறித்தவ இல்லங்கள் தம் மறைநூலிலிருந்தே இதற்கு நெறி பெற இயலும். யாத்திராகமத்தின் (விடுதலைப் பயணம்) 20ஆம் அதிகாரம் வழிபாட்டிற்கு உருவம் செய்வதை விலக்குகின்றது. அதே நூலின் 31ஆம் அதிகாரத்தில், கைவினைத் திறனுக்கென இறையாவியால் நிரப்பப்பட்டவனாகப் பெசலெயேல் என்னும் கலைஞன் அறிமுகமாகின்றான். 35ஆம் அதிகாரம் அவனுக்குச் செய்யும் திறனோடு கற்பிக்கும் திறனும் அருளப்பட்டதாகக் கூறுகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே 32ஆம் அதிகாரத்தில் பொற்கன்று வார்க்கப்படுகின்றது. கன்றுக்கும் காதணிகளே உருக்கப்பட்டன. திருக்கூடாரப் பணிக்கும் காதணிகள் காணிக்கையாயின. பொருள் ஒன்று, ஆக்கம் வேறு. மோசே வரக் காலந்தாழ்த்தவே, காத்திருக்க மாட்டாத மக்களுக்கு உடனடியாகக் கைக்குக் கிட்டிய விடை கன்று. திருக்கூடாரமோ மனமுவந்த கைகள் நாட்பட உழைத்துச் செய்தது. குழந்தையின் நம்பிக்கையை விரைந்து உறுதிப்படுத்திவிடத் துடிக்கும் பாடமும் பொறுமையிழந்த கூட்டத்தின் கன்றை ஒத்ததே எனலாம்.

சார்லட் மேசனின் வரம்பு

இல்லக்கல்வி மரபிற்குள்ளேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) 1886இல் வெளியிட்ட இல்லக்கல்வி பற்றிய நூலும், அவர்தம் பிற நூல்களும், சூசன் ஷேஃபர் மெக்காலே 1984இல் எழுதிய நூலின் வாயிலாக அமெரிக்கக் கிறித்தவ இல்லங்களில் புத்துயிர் பெற்றன. மேசனின் ஓவிய நோக்குப் பயிற்சி எளியது. குழந்தை ஓர் ஓவியத்தை அமைதியாக உற்றுநோக்கும். பின் படம் மறைக்கப்படும். தான் கண்டதைக் குழந்தை தன் சொல்லில் கூறும். விவிலியப் பாடத்திலும் பகுதியை வாசித்துக் கேட்டபின் குழந்தையே எடுத்துரைக்கும். ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடைய மேசன், குழந்தை பிறக்கும்போதே ஓர் ஆளாகப் பிறக்கின்றது என்பதைத் தம் முதற்கொள்கையாக வகுத்தார். பெற்றோரின் அதிகாரத்தை ஏற்ற அவர், அதற்கு வரம்பும் கட்டினார். அச்சத்தால் மட்டுமன்று, அன்பாலும் மறைமுகத் தூண்டுதலாலும்கூடக் குழந்தையின் ஆளுமையை ஆக்கிரமிக்கலாகாது என்பதே அவ்வரம்பு. அச்சுறுத்திக் கற்பிப்பது தவறு என்பதை எவரும் ஒப்புவர். அன்பும் ஆக்கிரமிக்கக்கூடும் என்பதைக் கண்டதே மேசனின் நுட்பம். தாயின் மகிழ்ச்சிக்காகவே வரையும் குழந்தை, தாய் விரும்புவதையே வரையும்.

மறைக்கப்பட்ட முகம்

இச்சிக்கலின் உச்சத்தை ரெம்பிராண்டின் ஓவியம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முற்படும் காட்சியை அவர் 1635இல் தீட்டினார். வானதூதர் ஆபிரகாமின் மணிக்கட்டைப் பற்ற, கத்தி கையிலிருந்து நழுவுகின்றது. தந்தையின் மறுகை மகனின் முகம் முழுவதையும் அழுத்தி மூடியுள்ளது. தொடக்கநூலின் 22ஆம் அதிகாரத்தில் இந்தக் கை இல்லை. பலிக்குரிய ஆடு எங்கே என வினவியபின் ஈசாக்கின் குரலும் அங்குக் கேட்பதில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1655இல், அதே காட்சியைச் செதுக்கோவியமாக ஆக்கியபோது, ரெம்பிராண்ட் மகனைத் தந்தையின் மடியருகே மண்டியிடச் செய்து, கண்களை மட்டும் தந்தையின் கையால் மூடினார்.

இவற்றைக் காணும் குழந்தை கேட்கக்கூடிய கேள்வி இதுவே: அப்பா ஏன் அவன் முகத்தை மூடுகின்றார்? அது கொடுமையா, இரக்கமா? இறைவன் நம்பிக்கையைச் சோதித்தார் என்னும் விளக்கம் விவிலியப் பாடத்திற்கு உரியது. அதனைக் கூறப் பெற்றோருக்கு உரிமையுண்டு. ஆனால் அது கேட்கப்பட்ட கேள்விக்கு விடையன்று. கேள்வி கையைப் பற்றியது. விளக்கத்தைச் சொல்லிக் கேள்வியை முடித்துவைக்கும் பெற்றோர், தம் கையாலும் ஒரு முகத்தை மூடுகின்றனர். இங்குச் செய்யத்தக்கது, குழந்தையோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை பார்ப்பதே. விவிலியப் பாடத்தில் பெற்றோர் ஒரு மரபின் சார்பாளர். ஓவியத்தின் முன்னோ அவர் குழந்தையோடு ஒத்த நிலையில் நிற்கும் மற்றொரு நோக்கர்.

இரு மறுப்புகள்

இத்தகைய கட்டற்ற நோக்கு குழந்தையை நம்பிக்கையிலிருந்து விலக்கிவிடும் என்பது சமயப் பற்றாளரின் அச்சம். அவ்வாறு நேரக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்விழப்பின் வாய்ப்பை ஏற்பதே பெற்றோரிடம் அறம் கேட்கும் விலை. வினவ இடமின்றி நிலைத்த நம்பிக்கை குழந்தையின் நம்பிக்கையன்று. பெற்றோரின் நம்பிக்கையின் நகலே.

சமயத்தை வீட்டில் கற்பிப்பதே திணிப்பு என்பதும், அரசுப் பள்ளியே தீர்வு என்பதும் மற்றொரு தரப்பு. ஜெர்மனி இல்லக்கல்வியை ஏற்பதில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006, 2019 ஆண்டுகளின் தீர்ப்புகளில் அந்நாட்டின் நிலைப்பாட்டில் உரிமை மீறல் இல்லை எனக் கண்டது. ஆனால் வெளிக்கோட்டுப் படங்கள் வீட்டிற்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளியிலும் கோட்டிற்குள் வண்ணம் தீட்டிய பிள்ளையே பாராட்டுப் பெறுகின்றது. இடத்தை மாற்றுவதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை.

முடிவுரை

பெற்றோர் தம் நம்பிக்கையைக் கற்பிப்பது தவறன்று. ஓவியப் பாடத்தை அந்நம்பிக்கைக்கு வண்ணம் நிரப்பும் வேலையாகச் சுருக்குவதே தவறு என்பது இவ்வாய்வின் முடிவாகும். பல ஆசிரியர் உள்ள இடத்தில் ஒருவர் மூடிய கதவை மற்றொருவர் திறக்கக்கூடும். ஒரே ஆசிரியர் உள்ள இல்லத்தில் அக்கதவைத் திறக்க வேறு எவரும் இலர். ஆகவே இல்லக்கல்வி தரும் உரிமை பெரிதாகும் அளவிற்கு, வெற்றுத் தாளை வெற்றுத் தாளாகவே கொடுக்கும் கடமையும் பெரிதாகின்றது. கட்டளையாகிய கற்பனையைக் கற்பிப்போர், ஆற்றலாகிய கற்பனைக்கும் அம்மேசையிலேயே இடம் விட வேண்டும்.