பிறிதின் நோய்

வளர்ப்பு வாத்தின் வயிற்றுநோய் கண்ணில் படும்போது அது பெரும்பாலும் பல நாள் பழையதாகியிருக்கும். சந்தையில் கூஸ் வாத்து என்று விற்கப்படும் பெருவாத்து, புது ஆள் ஒருவர் வாசலில் கால்வைத்தால் தெருவையே கூட்டிவிடும். வயிறு வலிப்பதை மட்டும் சொல்லாது. கூட்டத்தில் தளர்ந்து தெரியும் பறவையைத்தான் நரியும் நாயும் முதலில் குறிவைக்கும் என்பதால், நலமாக இருப்பதுபோல் நடந்துகொள்வது அதன் உடம்பில் ஊறிய தற்காப்பு. தலையைத் தாழ்த்தி மேய்வதுபோல் நிற்கும், புல்லைக் கவ்வும், விழுங்காது. தன் நோயைத் தானே மறைக்கும் ஓர் உயிருக்கு, அதை வளர்ப்பவர் எந்த அளவுக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

தமிழில் இந்தக் கேள்வியின் வேர் இலக்கண நூல்களிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, மனம் என்னும் ஆறாவதை மக்களுக்குத் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய சமணப் பெரியார் பவணந்தி முனிவர் ஐந்தறிவோடு அடுக்கை முடித்துவிடுகிறார்; மனிதரும் விலங்கும் பறவையும் அவருக்கு ஒரே வகுப்பு. அந்தச் சமண மரபு கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. உளுந்தூர்பேட்டைப் பகுதியில், திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் அப்பாண்டைநாதர் கோயிலில் பார்சுவநாதர் இன்றும் வழிபடப்படுகிறார். இரண்டு நூல்களில் எதை ஏற்றாலும் ஒன்று மாறாது. வலி என்பது தொட்டால் உணரும் உற்றறிவைச் சேர்ந்தது; இரு அடுக்கிலும் அதுவே முதல் படி. ஆறாவது அறிவு யாருக்கு உண்டு என்ற வழக்கு தீரும்வரை வாத்தின் வயிற்றுவலி காத்திருக்க வேண்டியதில்லை.

திருக்குறள் இன்னும் நேராகப் பேசுகிறது. பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காக்காவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று இன்னாசெய்யாமை அதிகாரம் கேட்கிறது. அங்கே வள்ளுவர் ஆள்வது ‘பிறிது’ என்ற அஃறிணைச் சொல். ‘பிறர்’ என்று சுருக்கவில்லை. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி செரிமானத்தைப் பற்றியது: முன் உண்டது அற்றதை அறிந்து உண்பது, அளவறிந்து உண்பது. வைத்தியத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என நான்கு கூறுகளை அது வைக்கிறது. வாத்துக்கு நோய் வந்தால் முதலாமவர் வாய் திறப்பதில்லை. அவர் சொல்லவேண்டியதையும் நான்காமவரே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வளர்ப்பவர் பார்க்கத் தவறினால் மருத்துவருக்கு நோயின் கதையே கிடைக்காது. ஆகவே தினசரி கவனித்துப் பார்ப்பது வெறும் பழக்கமாக நின்றுவிடாமல் அறத்தின் பகுதியாகிறது.

பார்வை எச்சத்தில் தொடங்குகிறது. மேயும் வாத்து நாள் முழுக்கக் கழிந்துகொண்டே இருக்கும். நல்ல எச்சம் பச்சையாக, விரல் கனத்தில் திரண்டு, புல்நார் தெரிய, ஓரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையோடு விழும். விடியலில் பட்டியைத் திறந்ததும் தரையைக் குனிந்து பார்த்தாலே பாதிச் சேதி கிடைத்துவிடும். நாரே இல்லாமல் பளிச்சென்ற பச்சையில் தண்ணீராகக் கிடந்தால், உள்ளே தீனி போகவில்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது என்று கொள்ளலாம். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் கண்டால் ரத்தக்கழிச்சலை முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரிய வாத்துகள் திடீரெனத் தண்ணீராகவோ ரத்தமாகவோ கழிந்து அடுத்தடுத்துச் சாய்ந்தால் அது வாத்து பிளேக்காகவோ காலராவாகவோ இருக்கக்கூடும். பின்புற இறகில் எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதும், கழுத்தை உள்ளிழுத்து இறகைச் சிலிர்த்துத் தனியே நிற்பதும் அடுத்த அடையாளங்கள். மெலிவை இறகு மறைத்துவிடும். கையை மார்புக்கடியில் கொடுத்துப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் தட்டும். வாரம் ஒருமுறை சாக்கில் இட்டுத் தொங்குதராசில் நிறுத்து எழுதிவைப்பது எல்லாவற்றையும்விட நம்பகமானது.

வாத்துக்குப் பல் இல்லை. விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு அரைவைப்பைதான் புல்லை அரைக்கிறது. கோழிக்கு இருப்பதுபோல் தனியான தீனிப்பையும் இல்லை. கழுத்தின் அடிப்பகுதி சற்று அகன்று அந்த வேலையைச் செய்கிறது. முற்றிய நீளப்புல், சணல் நூல், பாலித்தீன் துண்டு ஆகியவை அங்கே சுருண்டு அடைத்துக்கொள்ளும். இரவெல்லாம் பட்டினி கிடந்த வாத்தின் கழுத்தடியைக் காலையில் விரலால் தடவினால் வெறுமையாக இருக்க வேண்டும். பிசைந்த மாவுபோல் உருண்டை தென்பட்டு, வாயில் புளித்த நாற்றமும் அடித்தால் அடைப்பு. பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கும் மக்காச்சோளமும் மற்றொரு காரணம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளையும் வாத்துக்குஞ்சுகளையும் கொன்ற மர்மநோய், கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கிலிருந்த அஃப்ளடாக்சின் நஞ்சால் வந்தது என்று பின்னர் தெரிந்தது. மக்காச்சோளம் நிறைய விளையும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில், மழையில் நனைந்து காய்ந்த கதிரை ‘வாத்துக்குப் போட்டுவிடலாம்’ என்று ஒதுக்குவது ஆபத்து. நெல்வயலில் தூவிய குருணை மருந்தைத் தின்ற பறவைக்கு எச்சில் வடிந்து, கழிச்சல் கண்டு, கால் இழுக்கும். அதற்கு மணிக்கணக்கில்கூட அவகாசம் இருப்பதில்லை.

வடலூர் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கியபோது பசியையே உயிர்களின் முதல் துன்பமாக வைத்தார். கழுத்து அடைத்த வாத்தின் பசி அதிலும் விசித்திரமானது. நிறைந்த தொண்டையோடு பட்டினி. இரக்கப்பட்டு மேலும் சோறு வைத்தால் அடைப்புதான் பெருகும். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் ஈகையைப் புலவர்கள் கொடைமடம் என்று பாராட்டினார்கள். மன்னனின் மனம் பெரிது, ஐயமில்லை. ஆனால் மயிலுக்குக் குளிருமா என்று அவன் விசாரிக்கவில்லை. நோய்கண்ட வாத்துக்கு பிஸ்கட் ஊட்டுபவரும், வயிற்றுக்கு நல்லதென்று விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுபவரும் பேகனின் உறவுதான். வாத்தின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், ஊற்றிய எண்ணெய் நுரையீரலுக்குப் போய் உயிரை எடுத்துவிடும். அருள் தன் பொருளின் உடம்பை அறிந்திருக்க வேண்டும்.

அறிந்த அருள் செய்வது எளியவை. நோயுற்றதைத் தனியே, வெதுவெதுப்பான இடத்தில், மற்றவற்றின் குரல் கேட்கும் தூரத்தில் வைக்க வேண்டும். தனிமையில் வாத்து ஏங்கிப்போகும். தலை முழுகும் ஆழத்தில் சுத்தமான தண்ணீரும், நறுக்கிய இளம்புல்லும், சிறு மணற்கல்லும் வேண்டும். சந்தேகமான தீவனத்தை அன்றே நிறுத்த வேண்டும். சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் பசியைத் தூண்டலாம். அடைப்பையோ புழுவையோ நஞ்சையோ அது தீர்க்காது. புதிய எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போவதே சரி. தொலைவில் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம்; கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் கலக்குவது கூடாது.

எச்சத்தில் அரைவைப்பைப் புழுவின் முட்டை தெரிந்துவிட்டால் கொல்லாமைக்கே சோதனை வருகிறது. வாத்தைக் காக்கப் புழுக்களைக் கொல்ல வேண்டும், புழுவும் உயிர்தான். இல்லறத்தாருக்குச் சமணம் வைக்கும் விரதம் துறவிக்கு வைப்பதைப்போல் கடுமையானதன்று. வேண்டுமென்றே தீங்கு நினைத்துக் கொல்வதற்கும் காக்கும் கடமையில் நேரும் கொலைக்கும் அது வேறுபாடு காண்கிறது. ஆயினும் கணக்கு பூஜ்யமாகிவிடுவதில்லை. மேய்ச்சல் இடத்தை மாற்றி மாற்றி விட்டு, குஞ்சுகளைப் பெரியவற்றோடு ஒரே புல்தரையில் அடைக்காமல் இருந்தால், முட்டை புல்லில் விழுந்து புழுவாகி மீண்டும் வயிற்றுக்குள் போகும் சுற்று தளரும். குறைவான கொலைக்கு வழி நோய் வருமுன்னரே இருக்கிறது.

‘அது அதன் வினை, அனுபவிக்கட்டும்’ என்ற வாதமும் உண்டு. வினையை நம்பிய மரபுகளே அதை ஏற்கவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் செய்ததைச் சொல்கிறது. அந்த வைத்தியம் சென்ற நாடுகளில் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லி அடக்குகிறது. நோய் வாத்தின் வினையானால், அதைப் பார்த்துவிட்ட கண் வளர்ப்பவரின் வினை.

மீட்க முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதில் மரபுகள் ஒத்துப்போவதில்லை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயால் துடித்த கன்று ஒன்றுக்கு மருத்துவரைக்கொண்டு ஊசி போட்டு உயிரை முடிக்க காந்தி சம்மதித்தார். அது அகிம்சையே என்று எழுதினார். கண்டனங்கள் குவிந்தன, சமணர் பலருக்கு அது ஏற்கவே முடியாதது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் விலங்கை முடித்துவிட 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இடம் தருகிறது. கன்றின் வலி கண்ணுக்குத் தெரிந்தது என்பதால் காந்தியின் முடிவு கனமானது. வலியை மறைக்கும் பறவைக்கு அந்த முடிவை எடுக்க மருத்துவரின் கை வேண்டும். வளர்ப்பவரின் சலிப்பு இரக்கத்தின் வேடத்தில் வந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

வாத்து இறந்துபோனால் அறுத்துப் பார்ப்பதை வீட்டில் செய்யக்கூடாது; பறவைக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டு, இரண்டு உறைகளில் கட்டி, கெடுவதற்குள் கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அங்கே அவர் அரைவைப்பையைப் பிளந்து அதன் தடித்த உள்தோலை உரித்தால் மயிரிழைபோல் சிவந்த புழுக்கள் ஓரத்தில் நெளிவது தெரியும். அப்படித் தெரிந்தால், பட்டியில் மிச்சமிருக்கும் வாத்துகளுக்கு மருத்துவர் சொல்லும் புழு மருந்தை அன்று மாலையே கொடுத்துவிடலாம்.