மேல் எது என்று அறியாத குமிழி

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு சுமை ஆட்டோவில் புது ஃபிரிட்ஜ் போகிறது, கயிறு கட்டி, நிமிர்ந்து நின்றபடி. படுக்கவைத்தால் கம்ப்ரசர் அடியில் கிடக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்வது. குளிர்விக்கும் சுருளில் திரவமும் ஆவியும் கலந்தே ஓடும். சுருள் முடியுமிடத்தில் ஒரு சின்ன உருளை. ஆவியாகாமல் மிஞ்சிய திரவம் அதன் அடியில் தங்க, ஆவி மட்டும் கம்ப்ரசருக்குப் போகிறது. பிரித்துக் கொடுப்பது புவியீர்ப்பு, சம்பளம் கேட்காத வேலையாள்.

*

சுற்றுப்பாதையில் அந்த ஆள் வேலைக்கு வருவதில்லை. அங்கே கொதிக்கும் திரவத்தில் பிறக்கும் குமிழிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. சூடான சுவரை ஒட்டியபடியே பருக்கிறது. பக்கத்துக் குமிழிகளோடு சேர்ந்து படலமாகிறது. சுவருக்குத் திரவம் எட்டாமல் போனால் உலோகம் சட்டென்று காய்ந்து கெட்டுவிடும்.

கொதிக்கவே விடாமல் இருக்கலாமே? ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரி போதும். கொதித்து ஆவியாகச் சுமார் 540 கலோரி. கொஞ்சம் திரவத்தில் நிறைய வெப்பத்தைச் சுமக்க இதைவிட நல்ல வழி கிடையாது. இருந்தும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிர்விப்புச் சுற்றில் அம்மோனியா கொதிக்காமல், திரவமாகவே ஓடுகிறது.

*

செயற்கைக்கோள்களில் வெப்பக்குழாய் உண்டு. அலுமினியக் குழாய், உள்சுவர் நெடுகப் பள்ளங்கள், கொஞ்சம் அம்மோனியா. பம்ப் கிடையாது. சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரவமாகி, பரப்பு இழுவிசை இழுக்கப் பள்ளங்கள் வழியே திரும்புகிறது. தரையில் சோதிக்கும்போது அதை மட்டம் பார்த்துக் கிடத்த வேண்டும். சூடான முனை சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே திரவம் ஏறமுடியாமல் வற்றிவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை இந்த இரு விசைகளுக்கும் நடுவே எல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம். அதைவிட நன்கு அகன்ற இடத்தில் ஈர்ப்பு ஆள்கிறது. நன்கு குறுகிய இடத்தில் பரப்பு இழுவிசை. சில செல்போன்களுக்குள் இருக்கும் மெல்லிய ஆவி அறை, அதாவது தட்டையான வெப்பக்குழாய், எப்படித் திருப்பிப் பிடித்தாலும் வேலை செய்வது இதனால்தான்.

*

2021 ஆகஸ்டில் நாசாவும் பர்டூ பல்கலைக்கழகத்தின் இசாம் முதாவர் குழுவும் ஓடும் திரவம் கொதிப்பதைச் சோதிக்கும் ஒரு கருவியை நிலையத்துக்கு அனுப்பின. திரவத்தின் வேகம் போதிய அளவு கூடினால் ஓட்டமே குமிழியைச் சுவரிலிருந்து அடித்துச் சென்றுவிடும். ஈர்ப்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு மங்கிவிடும். ஆனால் வேகத்துக்குப் பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். கீழே இலவசமாகக் கிடைப்பதற்கு மேலே வாட் கணக்கில் விலை.

*

2025 மார்ச்சில் ஐஐடி மெட்ராஸில் ராக்கெட் விஞ்ஞானி எஸ். ராமகிருஷ்ணன் பெயரில் திரவ, வெப்ப அறிவியல் ஆய்வு மையத்தை இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் திறந்துவைத்தார். 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்பது இந்தியாவின் இலக்கு. ஆள் தங்கினால் அகற்ற வேண்டிய வெப்பமும் கூடும். விமானத்தைப் பாய்ச்சி எடையின்மை உண்டாக்கினால் ஒரு முறைக்கு இருபது வினாடி சொச்சம்தான் கிடைக்கும். நீண்டநேர அளவீட்டை மேலே போய்த்தான் எடுக்க வேண்டும். நம் நிலையத்தில் முதலில் ஏறும் கருவிகளில் கொதிப்பைப் பார்க்கும் கருவியும் ஒன்றாக இருக்கட்டும்.